டீஹியூமிடிஃபையர் ஓடுது, தொட்டியில தண்ணி விழலை (கும்பகோணம் பக்கம், பழைய ஓட்டு வீடு)

அரசலாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றை ஒட்டி எங்க பாட்டனார் கட்டின வீடு. நாட்டு ஓடு, நடுவுல முற்றம், சுண்ணாம்புச் சுவர். முற்றத்தைத் தாண்டி பின்கட்டுல ஒரு அறை, 12க்கு 12, உயரம் 10 அடி, மேல மர மச்சு. அம்மாவோட வீணை, பட்டுப்புடவைப் பெட்டி, அப்பா கைப்பட எழுதின பாட்டு நோட்டுகள் எல்லாம் அங்கதான் இருக்கு. ஐப்பசி பொறந்தா சுவர்ல ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னாடி பூஞ்சணம் பிடிச்சிடும். நோட்டுல ரெண்டு மூணு பக்கம் ஏற்கெனவே ஒட்டிப்போச்சு.

அதுக்காகத்தான் கம்ப்ரஸர் வெச்ச டீஹியூமிடிஃபையர் (அறைக் காத்து ஈரத்தை இழுத்துத் தண்ணியா தொட்டியில விடுற மெஷின்) வாங்கினேன். ஒரு நாளைக்கு 20 லிட்டர்னு அட்டையில போட்டிருக்கு. போன மழைக்காலத்துல தொட்டி நிறைஞ்சு நிறைஞ்சு, காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கொட்டுவோம். இந்த வருஷம் முதல் மழை விழுந்ததும் போட்டேன். ஃபேன் ஓடுது, லைட் எரியுது, தொட்டியில விடிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி. ஈரப்பத மீட்டர் 86லேயே நிக்குது. முன்பக்க கிரில்லைக் கழட்டிப் பாத்தா உள்ள காயில்ல (குளிர்ற குழாய்ச் சுருள்) வெள்ளையா பனிக்கட்டி.

ஊர்ல ஃப்ரிட்ஜ் பாக்கிற ஒருத்தர் வந்து பாத்துட்டு "கேஸ் போயிடுச்சு, சார்ஜ் பண்ண 4,500 ஆகும்"னு சொன்னார். மெஷினைத் திறக்கவே இல்லை. குடுக்கலாமா? வாரன்டி முடிஞ்சுபோச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தஞ்சைத் தம்பி:

சார், இந்த மாதிரி மெஷின் கையேடு எதை எடுத்தாலும் பனி பிடிக்க முதல் காரணமா "அறை குளிர்ச்சியா இருக்கு"ன்னுதான் போட்டிருப்பாங்க. 15, 16 டிகிரிக்குக் கீழ போனா காயில் உறைஞ்சிடும். மழை பெய்யிற ராத்திரியில அறை ரொம்பக் குளிருதா? பகல்ல மட்டும் ஓட்டிப் பாருங்களேன்.

மன்னை ஏசி மெக்கானிக்:

தம்பி, கையேடு குளிர்நாட்டு வீட்டுக்கும் சேத்து எழுதினது. நம்ம பக்கம் ஐப்பசி மழை ராத்திரியில கூட ஓட்டு வீட்டுக்குள்ள 24, 25க்குக் கீழ இறங்காது. மார்கழியிலயே 20க்குப் பக்கத்துலதான் நிக்கும். டெல்டாவுல ஒரு டீஹியூமிடிஃபையர் காயில் உறையுதுன்னா குளிர் மேல பழி போட வழியே இல்லை. மெஷினுக்குள்ளதான் ஏதோ இருக்கு. அந்தக் காரணத்தை அடிச்சிட்டு மேல போங்க.

அரசலாற்றங்கரை சார், கேஸ்னு யாராவது சொன்ன உடனே காசை எண்ணிக் குடுத்திடாதீங்க. இந்த மெஷின்ல காயிலைக் குளிர வைக்கிற கேஸ் சீல் பண்ணி வர்றது. பைக் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோற பொருள் இல்லை. குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக் இருக்கணும். லீக்கைத் தேடாம கேஸ் மட்டும் அடிச்சா அடுத்த ஐப்பசிக்கு மறுபடி 4,500.

முதல்ல ஒண்ணு பாருங்க. மெஷினை அணைச்சு பனி முழுசா கரையட்டும், ஒரு மணி நேரம் விடுங்க. அப்புறம் கிரில் இல்லாம, கையை உள்ள விடாம, அரை மணி நேரம் ஓட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பனி எங்க ஆரம்பிக்குது? காயில் முழுக்க ஒரே சீரா மெல்லிசா படருதா? இல்லை, பேனா ரீஃபில் தடிமன்ல ஒரு செம்புக் குழாய் (கேப்பிலரின்னு சொல்லுவோம்) காயிலுக்குள்ள நுழையிற இடத்துல மட்டும் கட்டியா பிடிச்சு, மீதிக் காயில் காஞ்சு கிடக்குதா?

முழுக்கச் சீரா பிடிச்சா காத்து ஓட்டம் பத்தலை. ஒரு மூலையில மட்டும் பிடிச்சு மத்ததெல்லாம் காஞ்சிருந்தா கேஸ் குறைவுன்னு சந்தேகப்படலாம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பாக்காம கேஸ்னு சொல்றவர் கிட்ட மெஷினைக் குடுக்காதீங்க.

கோடியக்கரைப் பக்கம்:

அண்ணே, இழைக்கு நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் வேதாரண்யத்துக்குத் தெக்கே. எங்க மெஷின்ல நீங்க ரெண்டாவதா சொன்ன மாதிரியேதான். கீழ ரெண்டு வரி மட்டும் பனி, மேல தொட்டுப் பாத்தா அறைச்சூடு. அப்ப லீக்தானா? நெசமாவே கேஸ் போட்டா சரியாகுமா?

மன்னை ஏசி மெக்கானிக்:

கோடியக்கரைத் தம்பி, உங்களுக்கு லீக்தான் இருக்கும்போல. கடல் பக்கம் உப்புக்காத்து காயில் மேல வரிசையா நிக்கிற மெல்லிசு அலுமினியத் தகடுகளை (ஃபின்) அரிச்சு மாவாக்கிடும், குழாய் மூட்டையும் விடாது. பின்பக்கம் ஸ்டிக்கர்ல எந்த கேஸ்னு போட்டிருக்கும், அதை எழுதுங்க. ஆர் 134ஏ-ன்னா நம்ம பக்கத்து ஃப்ரிட்ஜ் ஆளே பாத்துடலாம். ஆனா வேலை முழுசா நடக்கணும்: நைட்ரஜன் பிரஷர் ஏத்தி, சோப்பு நுரை வெச்சு ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சு, வேக்கம் இழுத்து, ஸ்டிக்கர்ல இருக்கிற கிராம் அளவை எடைபோட்டு அடிக்கணும். "கையில தொட்டுப் பாத்து அடிப்பேன்"னு சொன்னா வேண்டாம். இந்தச் சின்ன மெஷின்ல இருபது முப்பது கிராம் கூடினாலும் குறைஞ்சாலும் வேலை கெட்டுப்போகும்.

ஆர் 290-ன்னு போட்டு, மஞ்சள் முக்கோணத்துல தீச்சுவாலை படம் இருந்தா அது புரோப்பேன். சமையல் கேஸோட ஜாதி. அதுக்குப் பயிற்சி எடுத்தவர்தான் கை வைக்கணும். கேஸ் உள்ள இருக்கும்போது யாரும் வெல்டிங் டார்ச்சைப் பத்த வெக்கக் கூடாது. தெரியாத ஆள் கிட்ட விட்டுடாதீங்க தம்பி. வீட்டுல பிள்ளைங்க இருக்கும்.

அரசலாற்றங்கரை:

அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். காயில் முழுக்க ஒரே சீரா வெள்ளை. மூலையில மட்டும்னு இல்லை. ஃபில்டரை வாரா வாரம் கழுவிடுவேன், அதுல தூசி இல்லை. ஆனா டார்ச் அடிச்சுப் பாத்தப்ப ஃபில்டருக்குப் பின்னாடி காயில் ஃபின்னுக்கு நடுவுல சாம்பல் நிறத்துல கம்பளி மாதிரி என்னமோ அடைச்சிருக்கு.

மன்னை ஏசி மெக்கானிக்:

அப்ப கேஸ் இருக்கு சார். காயில் முழுக்க உறையிற அளவு குளிருதுன்னா கேஸ் நல்லாத்தான் சுத்துது. அந்தக் குளிரை எடுத்துக்கக் காத்து வரலை. அறைக்காத்து காயில் மேல ஓடி, காயில் நனைஞ்சு, தண்ணி சொட்டணும். காத்து குறைஞ்சா காயில் பூஜ்யத்துக்குக் கீழ போய், சொட்ட வேண்டிய தண்ணி அங்கேயே உறைஞ்சுக்கும். உறைஞ்ச பனி இன்னும் காத்தை அடைக்கும். போர்டு (மெஷினை இயக்குற மின் பலகை) அதைக் கண்டு கம்ப்ரஸரை நிறுத்தும், கரைஞ்சா மறுபடி போடும். நாள் முழுக்க இதே கதை. அதான் ஒரு டம்ளர்.

அந்தக் கம்பளி வேற ஒண்ணுமில்லை, குறுவை அறுப்புத் தூசி. அறுவடை மெஷின் வயல்ல ஓடும்போது பறக்கிற சுணையும் பதர்ப் பொடியும் வலை ஃபில்டரைத் தாண்டி உள்ள போயிடும். அது மேல மழை ஈரம் பட்டா பசை மாதிரி இறுகிடும். புரட்டாசியில அறுப்பு, ஐப்பசியில மழை. எனக்கு ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்துல வர்ற ஏசி, டீஹியூமிடிஃபையர் எல்லாத்துலயும் முதல்ல இதைத்தான் பாப்பேன்.

சுத்தம் பண்ணும்போது பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் தொடணும். மெத்துன்னு இருக்கிற பெயின்ட் பிரஷ் எடுத்து, ஃபின் எந்தத் திசையில நிக்குதோ அதே திசையில, மேலேந்து கீழ இழுங்க. குறுக்க இழுத்தா ஃபின் மடங்கிடும். அப்புறம் சோப்புத் தண்ணியை ஸ்பிரே பண்ணி ஊற விட்டு, வெறும் தண்ணி ஸ்பிரே. ஹோஸ் பைப் வேண்டாம், போர்டுக்குத் தண்ணி போயிடும். இந்தப் பக்கம் குளிர்ற காயில், அதுக்குப் பின்னாடி சூடாகிற காயில் ஒண்ணு ஒட்டி இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியணும்.

அரசலாற்றங்கரை:

சுத்தம் பண்ணி, நல்லா காயவிட்டுப் போட்டேன் அண்ணே. வந்த அழுக்கு ஒரு கைப்பிடி இருக்கும். உள்ள உமித்தூள் அப்படியே தெரியுது. இப்ப பனி பிடிக்க நேரமாகுது, ஆனா பிடிக்குது. காலைல தண்ணி ஒன்றரை லிட்டர் இருந்துச்சு. போன வருஷம் ஃபேன் காத்து அறைக்கு அந்தக் கோடி வரைக்கும் தெரியும். இப்ப ரெண்டடி தள்ளி நின்னாலே தெரியலை. ஸ்பீடு பட்டன் அமுக்கினா லைட் மாறுது, காத்து மாறலை.

மன்னை ஏசி மெக்கானிக்:

அதைத்தான் எதிர்பாத்தேன். ஃபேன் கெப்பாசிட்டர் செத்திருக்கும். கறுப்பா சதுரமா சின்ன டப்பா, ஃபேன் மோட்டார் பக்கத்துல இருக்கும். மேல 1.5 மைக்ரோ ஃபாரட், 2 மைக்ரோ ஃபாரட்னு அச்சடிச்சிருக்கும். சீலிங் ஃபேன் மெதுவா சுத்தினா என்ன மாத்துவோமோ அதேதான். அதை அளக்க கெப்பாசிட்டர் அளவு இருக்கிற மல்டிமீட்டர் வேணும். அச்சுல இருக்கிறதுல பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா மாத்திடுங்க.

சார், இதுல ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். கம்ப்ரஸருக்கு இருக்கிற பெரிய டப்பா இன்னும் மோசம். பழக்கம் இல்லாதவங்க தொட வேண்டாம். உங்க ஊர் மோட்டார் வைண்டிங் கடையில குடுத்தா அஞ்சு நிமிஷ வேலை. அப்படியே ஃபேன் மோட்டார் புஷ் (தண்டு சுத்துற வளையம்) எண்ணெய் இல்லாம காஞ்சிருக்கான்னு கையால சுத்திப் பாக்கச் சொல்லுங்க. தட்டிவிட்டா லேசா சுத்தணும், கரகரன்னு நிக்கக் கூடாது.

இன்னொண்ணு, காயில் குழாயில ஒரு சின்ன சென்சார் கிளிப் போட்டு மாட்டியிருக்கும். சுத்தம் பண்ணும்போது அது கழண்டிருந்தா பனி பிடிச்சதே போர்டுக்குத் தெரியாது. இருக்கான்னு பாத்துக்கங்க.

நாகூர்க்காரி:

அண்ணா, எங்க வீட்டு மெஷின்ல கொஞ்சம் வேற பிரச்சினை. தொட்டி காலியா இருக்கும்போதே "தொட்டி நிறைஞ்சது" சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுடுது. தட்டினா போகுது, மறுபடி வருது.

மன்னை ஏசி மெக்கானிக்:

தங்கச்சி, தொட்டிக்குள்ள ஒரு மிதவை இருக்கும் பாருங்க, வெள்ளையா தெர்மாகோல் இல்லைன்னா பிளாஸ்டிக். அதுல பாசி பிடிச்சு வழுவழுன்னு ஆகி மேலேயே ஒட்டிக்கும். வெளியே எடுத்து வினிகர் தண்ணியில ஊறவெச்சுத் தேய்ங்க. மிதவையில குட்டிக் காந்தம் இருக்கும், அது விழுந்துடாமப் பாத்துக்கங்க. காந்தம் போனா மெஷினுக்குத் தொட்டி இருக்கிறதே தெரியாது. அதுவும் சரியா இருந்தா போர்டைத் திறந்து பல்லி, எறும்பு பாருங்க. சூட்டுக்காகப் பல்லி போர்டு மேல வந்து படுக்கும். செத்த பல்லி ரெண்டு முனையை இணைச்சு எத்தனையோ போர்டு போயிருக்கு. ரிலேக்குள்ள சிற்றெறும்பு கூடு கட்டினாலும் இப்படி விட்டுவிட்டு வரும்.

தஞ்சைத் தம்பி:

நான் கேக்க நினைச்சது: தொட்டித் தண்ணி சுத்தமாத்தானே இருக்கு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாமா? நிறைய பேர் ஊத்தலாம்னு சொல்றாங்க.

திருவாரூர் டீச்சர்:

வேண்டாம் தம்பி. காற்றிலிருந்து குளிர்ந்து விழும்போது உப்பில்லாத நீர்தான். ஆனால் அது செம்பு, அலுமினியக் காயிலில் வழிந்து, தூசியையும் பூஞ்சை வித்துகளையும் கழுவிக்கொண்டு தொட்டியில் தேங்குகிறது. பேட்டரிக்கு உலோகத் துளி கலந்தாலே ஆயுள் குறையும். குடிக்கவும் கூடாது. வீடு துடைக்க, கழிப்பறைக்கு, பூச்செடிக்கு ஊற்றலாம்.

அரசலாற்றங்கரை ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். ஈரப்பத மீட்டர் 86 என்கிறது என்றீர்கள். அந்த மீட்டரை நம்பலாமா என்று முதலில் சோதித்துவிடுங்கள். ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து மூடி ஒரு நாள் விடுங்கள். உள்ளே 75 சதவீதத்தில் நிற்க வேண்டும். நம் அறை வெப்பத்தில் இது மாறவே மாறாது. மீட்டர் 80 காட்டினால் அது எப்போதும் 5 கூட்டிச் சொல்கிறது என்று கழித்துக்கொள்ளுங்கள்.

கோடியக்கரைப் பக்கம்:

டீச்சர், எங்க வேதாரண்யம் கல்லுப்பு போடலாமா?

திருவாரூர் டீச்சர்:

இந்த ஒரு வேலைக்கு மட்டும் பாக்கெட் தூளுப்பே நல்லது. கடலுப்புக் கல்லில் மக்னீசியம் உப்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அது இன்னும் அதிகமாக ஈரம் இழுக்கும் என்பதால் டப்பாவுக்குள் அளவு 75க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடலாம். சமையலுக்கு உங்கள் ஊர் உப்பை விட்டுவிட மாட்டேன்.

அரசலாற்றங்கரை:

அப்டேட். வைண்டிங் கடையில அளந்தாங்க. 2 மைக்ரோ ஃபாரட்னு அச்சு, மீட்டர்ல 0.7 காட்டிச்சு. புதுசு மாத்த கூலியோட 150 ரூபாய்தான். மோட்டார் புஷ்ஷுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குடுத்தாங்க. காத்து இப்ப பழையபடி அறைக்கு அந்தக் கோடி வரைக்கும் வருது. பனி அறவே இல்லை. காயில் முழுக்கத் துளித்துளியா வேர்த்து, சொட்டுச் சத்தம் நிக்காம கேக்குது. மன்னை அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். 4,500 மிச்சம்.

ஆனா இன்னொரு கவலை. டீச்சர் சொன்ன மாதிரி மீட்டரைச் சோதிச்சேன், 77 காட்டுது, 2 கூட. இப்ப தொட்டி ஒரு நாளைக்கு எட்டொன்பது லிட்டர் நிறையுது. அறை ஈரப்பதம் மட்டும் 70, 71க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. மெஷின் இன்னும் சரியாகலையா?

திருவாரூர் டீச்சர்:

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது ஐயா. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உங்கள் அறை 1,440 கன அடி, அதாவது சுமார் 41 கன மீட்டர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் பிடித்துவைக்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 24 கிராம். அறைக் காற்று மொத்தத்திலும் இருப்பது ஒரே ஒரு லிட்டர் தண்ணீர். அதை 80லிருந்து 55க்குக் கொண்டுவர எடுக்க வேண்டியது சுமார் 300 மில்லி, ஒன்றரை டம்ளர் கூட இல்லை. நீங்கள் எடுப்பதோ நாளுக்கு எட்டொன்பது லிட்டர். அப்படியானால் அந்தத் தண்ணீர் அறைக் காற்றில் இருந்தது அல்ல, எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. வர இரண்டே வழிதான்: வெளிக்காற்று, அல்லது சுவரும் தரையும்.

வெளிக்காற்றை மட்டும் பார்ப்போம். மழை நாளில் வெளியே 28 டிகிரி, 90 சதவீதம் என்று வையுங்கள். அறைக் காற்று மணிக்கு ஒரு முறை முழுதாக மாறினாலே, 55 சதவீதத்தில் பிடித்துவைக்க நாளுக்கு 7 லிட்டருக்கு மேல் எடுக்க வேண்டும். மச்சுப் பலகைக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளியும், மேலே நாட்டு ஓடும் இருந்தால் மணிக்கு ஒன்று என்ன, அதற்கும் மேலேயே மாறும். அட்டையில் போட்ட 20 லிட்டரும் பொதுவாக 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. அறை காயக் காய மெஷின் எடுப்பது குறைந்துகொண்டே வரும். 60 சதவீதத்தை நெருங்கும்போது பாதி அளவு எடுத்தாலே பெரிது.

முதலில் மச்சு இடைவெளிகளை அடையுங்கள். மெஷின் ஓடும்போது ஜன்னல், கதவு சாத்தியே இருக்கட்டும். "காற்றோட்டம் வேணும்" என்று மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைப்பது நம் எல்லார் வீட்டுப் பழக்கம். மெஷின் ஓடுகிற அறையில் அது வாளியில் ஓட்டை போட்டு இறைப்பதுதான்.

பாபநாசம் மேஸ்திரி:

டீச்சரம்மா சொன்னது சரி. நான் சுவரைப் பத்திக் கேக்கறேன். சார், சுண்ணாம்புச் சுவர்னு சொன்னீங்க, கீழ் மூணு அடிக்கு சிமென்ட் பூசியிருக்கா? தெரு உங்க வீட்டுத் தரையை விட உசந்துபோச்சா?

அரசலாற்றங்கரை:

ஆமாங்க மேஸ்திரி. பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடி ஓதம் ஏறுதுன்னு ஒருத்தர் சொல்லி நாலு அடி உயரத்துக்கு சிமென்ட் பூசி, மேல ஆயில் பெயின்ட் அடிச்சாச்சு. இப்ப ஓதம் அஞ்சரை அடியில தெரியுது. பெயின்ட் கொப்புளமா எழும்பி, தட்டினா உப்பு கொட்டுது. தெரு ரோடு போட்டுப் போட்டு ஒரு படி உசந்துபோச்சு. ரேழியிலேந்து இப்ப தெருவுக்கு ஏறித்தான் போகணும்.

பாபநாசம் மேஸ்திரி:

அதான் சார். பழைய சுவருக்கு அடியில தண்ணியைத் தடுக்கிற பட்டை கிடையாது. செங்கல் மண்ணுலேந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். வெயில் காலத்துல சுவர் தானா காஞ்சிடும். சிமென்ட்டும் ஆயில் பெயின்ட்டும் பூசினா ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை, பூச்சு முடியிற இடம் தாண்டி மேல ஏறித்தான் வரும். நாலு அடியில இருந்தது அஞ்சரைக்குப் போனது அதனாலதான். அந்த அஞ்சரை அடிச் சுவர்லேந்து வர்ற ஈரத்தைத்தான் மெஷின் ராப்பகலா இறைச்சுக்கிட்டு இருக்கு.

நம்பிக்கைக்கு ஒரு சோதனை செய்ங்க. ஒண்ணரை அடி சதுரத்துல கெட்டியான பிளாஸ்டிக் தாள், சுவர்ல நாலு பக்கமும் டேப் போட்டுக் காத்துப் புகாம ஒட்டுங்க. ரெண்டு நாள் விட்டு எடுங்க. சுவர்ப் பக்கம் நனைஞ்சிருந்தா ஈரம் சுவருக்குள்ளேந்து வருது. அறைப் பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா அறைக் காத்து ஈரம்.

சுவர் ஈரம்னா இந்த மழையில ஒண்ணும் பண்ண முடியாது. தையில அறுப்பு முடிஞ்சு வெயில் வந்ததும், சிமென்ட்டையும் அதுக்கு மேல இருக்கிற பூச்சையும் ஓதம் தெரியிற உயரத்துக்கு மேல ஒரு அடி வரைக்கும் முழுசா கொத்தி எடுத்துடுங்க. மூட்டுச் சாந்து உதிர்ந்த இடத்துல சுண்ணாம்புச் சாந்து அடைச்சு, வெறும் சுவரா ஒரு கோடை காயட்டும். ஆடிக்கு முன்னாடி சுண்ணாம்புலயே பூசி வெள்ளை அடிங்க. சிமென்ட் ஒரு கரண்டி கூட கலக்க விடாதீங்க, கலந்தா சீக்கிரம் இறுகும்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க. வெளிப்பக்கம் தெருத் தண்ணி சுவர்ல நிக்காம ஓட ஒரு வாய்க்கால் எடுங்க. ஓட்டுத் தண்ணி சுவரடியில விழுந்தா தாழ்வாரத்துல தகரக் கால்வாய் போட்டுத் தள்ளி விடுங்க.

வீணைப் பட்டறை வீட்டுப் பொண்ணு:

அண்ணா, நான் தஞ்சாவூர். எங்க வீட்டுல வீணை செய்யிறவங்க. அறையில வீணை இருக்குன்னு எழுதினதைப் பாத்துத்தான் வந்தேன். மெஷின் நல்லா ஆகிடுச்சுங்கிற சந்தோஷத்துல அறையை ரொம்பக் காய வெச்சிடாதீங்க. பலா மரம் இத்தனை வருஷமா ஈரத்துல இருந்திருக்கு. ஒரே வாரத்துல 86லேந்து 45க்குக் கொண்டுபோனா குடத்துல, ஒட்டு இருக்கிற இடத்துல விரிசல் விடும். 55லேந்து 60க்குள்ள நிறுத்துங்க. அதையும் ரெண்டு மூணு வாரத்துல மெதுவா இறக்குங்க. முதல்ல 70ல வெச்சு ஒரு வாரம், அப்புறம் 65. நோட்டுக்கும் பட்டுக்கும் அதுவே போதும், 60க்குக் கீழ இருந்தா பூஞ்சணம் சுலபமா வராது.

அதை விட முக்கியம், மெஷின் பின்னாடி வர்ற காத்து சூடு. அந்தக் காத்து வீணை மேல அடிக்கவே கூடாது. வீணைத் தண்டுல விரல் வைக்கிற மெட்டு 24ம் கறுப்பு மெழுகுலதான் உக்காந்திருக்கு, தேன்மெழுகும் கரித்தூளும் சேத்தது. சூட்டுல மெழுகு இளகினா மெட்டு அரைநூல் அசையும், அவ்வளவுதான், சுருதி போயிடும். அப்புறம் மேளம் கட்டுறவர்கிட்ட கொண்டுபோய்த்தான் திருப்பி உக்கார வைக்கணும். உறையில போட்டு, சுவர்லேந்து ஒரு முழம் தள்ளி, மெஷினுக்கு எதிர்மூலையில வெச்சிடுங்க. தந்தியில துரு தெரிஞ்சா இப்பவே தளர்த்தி வெச்சிடுங்க அண்ணா.

அரசலாற்றங்கரை:

நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா. வீணை மெஷினுக்கு நேர் எதிர்ல, காத்து அடிக்கிற வாக்குலதான் இருந்துச்சு. உடனே மாத்திட்டேன். அம்மா மெட்டைத் தடவிப் பாத்தாங்க, அசையலை. இப்ப வடக்கு மூலையில பலகை மேல இருக்கு.

மேஸ்திரி, பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பாத்தேன். சுவர்ப் பக்கம் முத்து முத்தா தண்ணி, அறைப் பக்கம் காஞ்சிருக்கு. தையில வேலையை ஆரம்பிச்சிடலாம்னு வீட்டுல பேசிட்டோம். மச்சு இடைவெளிக்கு இப்போதைக்கு மரப்பட்டை அடிச்சு, கதவுக்கடியில துணி உருட்டி வெச்சிருக்கேன். அதுக்கே 71 இருந்தது 64க்கு வந்துடுச்சு, தொட்டித் தண்ணியும் குறைஞ்சிருக்கு.

கரண்ட் பில் நினைச்சாதான் பயமா இருக்கு. நாள் முழுக்க ஓட்டணுமா?

தஞ்சைத் தம்பி:

சார், உங்க மெஷின் ஸ்டிக்கர்ல வாட்ஸ் பாருங்க. 20 லிட்டர் மெஷின் பெரும்பாலும் 350 வாட்ஸ் பக்கம். 24 மணி நேரம் விடாம ஓடினா 8.4 யூனிட், ரெண்டு மாச பில்லுல 500 யூனிட் இதுக்கே போயிடும். இலவச யூனிட்டெல்லாம் தூசு. 60ல செட் பண்ணி விட்டீங்கன்னா தானா நின்னு நின்னு ஓடும். அறையை அடைக்க அடைக்க ஓடுற நேரம் குறையும். அடைச்ச ஒவ்வொரு இடைவெளியும் பில்லுல தெரியும்.

மன்னை ஏசி மெக்கானிக்:

ரெண்டு விஷயம் சேத்துக்கறேன். சாயங்காலம் பம்ப்செட் எல்லாம் ஓடும்போது உங்க பக்கம் வோல்டேஜ் 180க்கு இறங்குதான்னு பாருங்க. இறங்கினா கம்ப்ரஸர் ஊம்முன்னு முனகி, டக்குனு ஓவர்லோடு (கம்ப்ரஸரைக் காப்பாத்துற ஸ்விட்ச்) விழும், கொஞ்சம் கழிச்சு மறுபடி முனகும். நாலு நாள் அப்படி முனகினா கம்ப்ரஸரே போயிடும். ஸ்டெபிலைசர் போட்டுடுங்க. எர்த் இருக்கிற மூணு முனை பிளக்லதான் மாட்டணும், பழைய வீட்டு வயரிங்ல எர்த் இருக்கான்னு சோதிச்சுக்கங்க. தண்ணி இருக்கிற மெஷின் இது.

ராத்திரி தொட்டி நிறைஞ்சு நிக்கிறதுன்னா பின்பக்கம் ஹோஸ் மாட்டுற துளை இருக்கும். ஹோஸ் வழி முழுக்கக் கீழ்நோக்கியே போகணும். நடுவுல ஒரு இடத்துல மேல எழும்பினாலும் தண்ணி திரும்பி மெஷினுக்குள்ளேயே வரும். முற்றத்துச் சாக்கடையில விட்டா முனை தண்ணிக்குள்ள முங்காம தொங்கணும், முனையில சின்ன வலைத் துணி கட்டுங்க, இல்லைன்னா பூரான் ஏறும்.

கோடியக்கரைத் தம்பி, ஸ்டிக்கர் பாத்தீங்களா?

கோடியக்கரைப் பக்கம்:

பாத்தேன் அண்ணே. ஆர் 290தான், தீச்சுவாலை படமும் இருக்கு. நாகப்பட்டினத்துல கம்பெனி ஆள் இருக்காராம், கொண்டுவரச் சொல்றார். ஸ்கூட்டர்ல படுக்க வெச்சு எடுத்துட்டுப் போகலாமா?

மன்னை ஏசி மெக்கானிக்:

படுக்க வெக்கவே கூடாது தம்பி. கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள்ள ஏறிடும். லோடு ஆட்டோவுல நிமிர்த்தி வெச்சு, கயிறு கட்டி எடுத்துட்டுப் போங்க. தொட்டித் தண்ணியைக் கொட்டிட்டுப் போங்க. திரும்பி வந்ததும் நிமிர்த்தியே ஒரு நாள் விட்டுட்டு அப்புறம் ஸ்விட்ச் போடுங்க. அவர்கிட்ட லீக் எங்கன்னு கேட்டுக்கங்க. காயில்லேயே ஓட்டைன்னா காயில் மாத்துற விலையையும் புது மெஷின் விலையையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.